மழைநீர் டிரம் நிரம்பி வழிகிறது: உபரி நீரை எங்கே விடுவது?

கேள்வி: ஐயா, ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர், செம்மண் பூமி. 1,000 சதுர அடி மாடியில் விழும் மழைநீரை 3 அங்குலக் குழாய் வழியாக 200 லிட்டர் நீல டிரம்மில் பிடித்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். சற்றுப் பலமாகப் பெய்தாலே டிரம் நிரம்பி, சுவரோரம் தேங்குகிறது. சுவரில் ஈரம் ஏறிவிட்டது. அங்கே நின்ற ஐந்து பப்பாளிகளில் இரண்டு சாய்ந்துவிட்டன. டிரம்மின் மேற்புறம் ஓர் அங்குலக் குழாய் பொருத்திப் பார்த்தும் பயனில்லை. 1,000 லிட்டர் தொட்டி வாங்கிவிடலாமா? வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னைகள் நிற்கின்றன.

பதில்: தொட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி சுமார் 93 சதுர மீட்டர். தரை உறிஞ்சுவது, சிதறுவது எல்லாம் போக, ஒவ்வொரு மி.மீட்டருக்கும் 80 லிட்டர் குழாயில் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இரண்டரை மி.மீ தூறலுக்கே உங்கள் டிரம் நிரம்பிவிடும். ஐப்பசியில் ஓர் இரவு 50 மி.மீ கொட்டினால் 4,000 லிட்டர் வரும். டிரம் வைத்திருந்தால் 3,800 லிட்டர் வழியும், 1,000 லிட்டர் தொட்டி வைத்திருந்தாலும் 3,000 லிட்டர் வழியும். மாடுகளுக்குக் கூடுதல் நாள் தண்ணீர் வேண்டுமென்றால் தொட்டி வாங்குங்கள், நல்லதுதான். சுவரையும் பப்பாளியையும் அது காப்பாற்றாது. முதல் வேலை, வழியும் நீருக்கு ஒழுங்கான பாதை.

ஓர் அங்குலக் குழாய் ஏன் கைவிட்டது என்றால், 3 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பில் அது ஒன்பதில் ஒரு பங்குதான். உங்கள் ஊர்க் கண்மாயைப் பாருங்கள். பாசனத்துக்குத் திறக்கும் மடை சிறியது, உபரி நீர் வழியும் கலிங்கு அகலமானது. நிரம்பிய பிறகு வரும் வெள்ளம் கரையை உடைக்காமல் வெளியேற வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள். டிரம்முக்கும் அதே விதி: உள்ளே வரும் குழாயின் அகலத்துக்குக் குறையாமல் வெளியேறும் குழாய் இருக்க வேண்டும். மூடிக்கு இரண்டு அங்குலம் கீழே துளையிட்டு, ரப்பர் வாஷருடன் 3 அங்குல இணைப்பைப் பொருத்தி, ஒரு முழங்கை வளைவு போட்டுக் குழாயைத் தரைக்கு இறக்குங்கள். தண்ணீர் உள்ளே விழும் குழாயின் வாய் இந்தத் துளையைவிட உயரத்தில் இருக்கட்டும்.

தரைக்கு வந்த குழாயை அங்கேயே விட்டுவிடாதீர்கள். சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தாண்டிய பிறகுதான் தண்ணீர் மண்ணைத் தொட வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு கொடுங்கள். கழிவறைத் தொட்டி இருக்கும் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதற்குள் நேராக விடவும் வேண்டாம். மாடியில் காய்ந்து கிடக்கும் பறவை எச்சம் அப்படியே நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

20 அடியில் தென்னை நிற்பது உங்களுக்குப் பெரிய வசதி. மரத்திலிருந்து 6 அடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில், இரண்டு மரங்களுக்காவது பக்கவாட்டில் செல்லும்படி ஒரு நீளப் பள்ளம் எடுங்கள். அதில் தேங்காய் மட்டையின் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்குமாறு அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண் தூவுங்கள். ஒவ்வொரு மட்டையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகு மெல்ல வேருக்கு விடும். மட்டை மக்கிப்போகச் சில ஆண்டுகள் ஆகும், அதுவரை பலன் உண்டு. மேலே நான்கு விரல் ஆழம் மண் மூடாமல் விட்டால் தண்ணீர் தேங்கி இறங்க இடம் இருக்கும். பலர் பள்ளம் முழுக்கக் கருங்கல் ஜல்லி கொட்டுகிறார்கள். ஜல்லி நிரம்பிய குழியில் பாதிக்கும் குறைவான இடமே தண்ணீருக்கு மிஞ்சும். தென்னை இருக்கும் வீட்டில் அந்தச் செலவு எதற்கு?

பள்ளம் எடுக்குமுன், அதே இடத்தில் ஓர் அடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மறுபடி ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். செம்மண்ணில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மறுநாளும் நின்றால் கீழே இறுகிய சுக்கான் (சுண்ணாம்புக் கல்) அடுக்கு இருக்கலாம். அப்போது பள்ளத்தின் கடைசி முனையைத் திறந்து வாய்க்காலுக்கு வழிவிடுங்கள். தென்னையும் தேங்கிய நீரில் நாள்கணக்கில் நிற்க விரும்பாது.

டிரம்மின் அடியையும் குனிந்து பாருங்கள். வழிந்த நீர் செம்மண்ணை அரித்து ஒரு பக்கம் பள்ளமாக்கியிருக்கும். நிரம்பிய டிரம் 200 கிலோ, மாடு கட்டும் இடத்தில் அது சாய்ந்தால் ஆபத்து. செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசிய மேடை கட்டாயம் வேண்டும். குழாயின் வெளிவாயிலும் டிரம்மின் வாயிலும் நைலான் கொசுவலை கட்டி, இலை சேரும்போதெல்லாம் தட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இதுபோன்ற சுத்தமான நீரைத்தான் தேடி வரும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்காமல் வெளியே விடுங்கள், மாடுகள் குடிக்கும் தண்ணீர் அது.

பப்பாளிக்கு வருவோம். ஒரே நாள் தேங்கினாலும் அதன் தண்டு அடி அழுகத் தொடங்கும். மீதி மூன்றின் அடிப்பட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் மெத்தென்று நீர்க்கசிவோடு பிதுங்கினால் அந்த மரம் பிழைக்காது, சாய்ந்தவற்றோடு அதையும் வேருடன் தோண்டி அப்புறப்படுத்துங்கள். உறுதியாக இருந்தால், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கலந்து தண்டு அடியும் வேர்ப்பகுதியும் நனைய ஊற்றிவிட்டு, தண்ணீர் நிற்காதபடி பக்கத்தில் ஒரு வடிகால் கீறிவிடுங்கள். மருந்தைத் தனி வாளியில் கலக்க வேண்டும், மாட்டுத் தண்ணீர் டிரம்மின் அருகில் கூடக் கொண்டுபோகக் கூடாது. மாற்றுக் கன்று வைக்க அவசரப்படாதீர்கள். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, பழைய குழிகளை விட்டு வேறு மேடான இடத்தில் வையுங்கள்.