தீயணைப்பின்போது எஞ்சின் நின்றுவிட்டால், ஹெலிகாப்டரை ஆட்டோரொட்டேஷனில் இறக்க வேண்டியதுதானே? பைலட்டுகள் ஏன் தவறவிடுகிறார்கள்?

'தவறவிடுகிறார்கள்' என்று கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதற்காகவே இந்தப் பதில்.

எஞ்சின் நின்றபின் கீழிருந்து வரும் காற்றால் ரோட்டரைச் சுழல வைத்து, அந்தச் சுழற்சியைத் தரைக்கு அருகில் செலவழித்து இறங்குவதுதான் ஆட்டோரொட்டேஷன். அதற்கு உயரம் வேண்டும், இல்லையென்றால் வேகம் வேண்டும். ஏரியில் பக்கெட்டை முக்கும்போது இரண்டுமே கிடையாது. நூறு, நூற்றைம்பது அடிக் கயிற்றுக்கு மேலே ஹெலிகாப்டர் அசையாமல் நிற்கிறது. ஆயிரம் லிட்டர் மொண்டால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். சூடான, மெலிந்த மலைக்காற்றில் எஞ்சின் ஏறக்குறைய முழு பவரில் இருக்கும், பிளேடுகளும் பெரிய கோணத்தில் இருக்கும். அப்போது பவர் போனால் ரோட்டர் வேகம் மளமளவென்று சரியும். ஓரிரு நொடிக்குள் கலெக்டிவை (எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் நெம்புகோலை) இறக்கி, கொக்கியைத் திறந்து பக்கெட்டை விட வேண்டும். இதையெல்லாம் பிசகாமல் செய்தாலும் உயரம் போதாமல் போகலாம். கையேட்டின் உயர-வேக வரைபடத்தில் தவிர்க்கச் சொல்லிக் குறித்திருக்கும் பகுதி இதுதான். பக்கெட் வேலையோ அதற்குள்தான் நடக்கிறது.

"இரட்டை எஞ்சின் வாங்கலாமே" என்பார்கள். வாங்கலாம், நல்லதுதான். ஆனால் எஞ்சின்களின் பவரை ரோட்டருக்குக் கொண்டுபோகும் மெயின் கியர்பாக்ஸ் ஒன்றே. ஹெலிகாப்டரின் உடல் சுழலாமல் பிடித்திருக்கும் வால் ரோட்டரின் தண்டு முறிந்தாலும் எத்தனை எஞ்சின் இருந்தும் பயனில்லை. உடல் சுழல்வதை நிறுத்த, ஓடுகிற எஞ்சினின் பவரைப் பைலட்டே குறைக்க வேண்டியிருக்கும்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது பராமரிப்புக் கணக்கில். உதிரிபாகத்தின் வயதைப் பறந்த மணிகளால் மட்டும் அளந்தால், ஒரே மணி நேரத்தில் இருபது முறை பாரம் தூக்கி இறக்கியது எதிலும் பதிவாகாது. உலோகம் களைப்பது அந்த ஏற்ற இறக்கத்தால்தான். பெல் நிறுவனம் தன் சில ஹெலிகாப்டர்களின் மாஸ்ட்டுக்கு (ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் தண்டுக்கு) தூக்கல் எண்ணிக்கையையும் சேர்த்து ஆயுள் குறிப்பது இதனால்தான். விமானங்களுக்கும் இதே கதிதான். 2002 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவின் வாக்கர் அருகே, தீயணைப்பு மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்த சி-130ஏ விமானத்தின் இறக்கைகள் பிய்ந்து 3 பேர் இறந்தார்கள். காரணம், இறக்கை உலோகத்தில் இருந்த களைப்பு விரிசல்.

கியர்பாக்ஸ் எண்ணெயில் இரும்புத்துகள் சேர்ந்தால் சிப் டிடெக்டர் விளக்கு எரியும். எரிந்ததும் இறங்கிவிட வேண்டும். துடைத்து மாட்டிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பக் கூடாது. துகளின் அளவையும் வகையையும் பார்த்து, கையேடு அனுமதித்தால் மட்டுமே மறுபடி பறக்கலாம். புகையில் வரும் சாம்பலும் தூசியும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடுகளில் படியும், அவற்றை அரிக்கும். நாள் முடிந்ததும் கம்ப்ரசரைக் கழுவி, பவர் செக் (எஞ்சின் தரும் பவரின் சோதனை) எண்களை முந்தைய நாளோடு ஒப்பிட வேண்டும். தீ இன்னும் எரிகிறது என்று தள்ளிப்போடப்படுவது பெரும்பாலும் இந்த வேலைதான்.