ஐப்பசி அடைமழையில் சம்பா: கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டி: அண்ணே, நட்டு 20 நாள். மூணு நாளா பயிர் முங்கிக் கிடக்கு. யூரியா வீசலாமா?

தண்ணீர் நிற்கும்போது ஒரு பிடிகூட வேண்டாம். பாதி வாய்க்காலோடு போகும், மீதி காற்றில்லாத சேற்றில் வாயுவாகிப் போய்விடும். முதலில் வடிகால். வரப்பை வெட்டிவிட்டு மட்டும் காத்திருக்காதீர்கள். வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் வெட்டின வழியாகவே தண்ணீர் ஏறிவரும். வடிந்து குருத்துப் பச்சை தெரிந்தபிறகு, ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வையுங்கள். மறுநாள் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து, மழை விட்ட வேளையில் இடுங்கள். யூரியாச் சத்து ஒரேயடியாக விரயமாகாமல் புண்ணாக்கு பிடித்துவைக்கும். அழுகிப்போன குத்துகளுக்கு (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) புது நாற்று தேடாதீர்கள், வயது ஒத்துவராது. அதே வயலில் நன்றாகத் தூர் கட்டிய, அதாவது பக்கக் கிளை வெடித்த, குத்தைப் பிரித்து நடுங்கள்.

மன்னார்குடி: தண்ணி வடிஞ்சும் மஞ்சளாவே நிக்குதுங்க.

ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து நாறினால் மண்ணைச் சற்றுக் காயவிடுங்கள். அதுவரை வேர் சத்து எடுக்காது; இலைவழியாகத்தான் கொடுக்கவேண்டும். 200 லிட்டர் தண்ணீரில் யூரியா 2 கிலோ, ஜிங்க் சல்பேட் 1 கிலோ, ஏக்கருக்கு. புது வெள்ளை வேர் வந்துவிட்டால் பயிர் தப்பியது.

கும்பகோணம்: இலை ஓரம் வைக்கோல் நிறமா காயுது. பூச்சியா?

ஒரு துண்டு இலையை வெட்டித் தெளிந்த தண்ணீரில் போடுங்கள். வெட்டுவாயில் பால்போல் கசிந்தால் பாக்டீரியா இலைக்கருகல். மேலுரத்தை, அதாவது நட்டபின் இடும் உரத்தை, உடனே நிறுத்துங்கள். மூட்டத்தில் யூரியா இட்டால் நோய்க்கு அது விருந்து. பசுஞ்சாணம் 40 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் துணியில் வடித்துத் தெளிக்கலாம். அந்த வயல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குப் பாய்ச்சாதீர்கள்.

சீர்காழி: வரப்பை உசத்திக் கட்டினா தாங்குமா ஐயா?

2022 நவம்பர் 11-ல் உங்கள் ஊரில் 44 செ.மீ. கொட்டியது. ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 18 லட்சம் லிட்டர். அதற்கு வரப்பு பதிலல்ல, மழைக்கு முன்பே தூர்வாரிய வடிகால்தான் பதில். தாழ்ந்த வயலுக்கு அடுத்த பட்டத்தில் சி.ஆர் 1009 சப்-1 போடுங்கள். இரண்டு வாரம்வரை முழுகினாலும் துளிர்க்கும் ரகம்.

வேதாரண்யம்: ஆடு புதுப்புல் மேஞ்சதும் துடிச்சுச் சாகுது.

துள்ளுமாரியாக (குடலில் நச்சு பரவி ஆட்டைச் சட்டென்று கொல்லும் நோய்) இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி மழைக்கு முன்பே போடவேண்டியது. இப்போதைக்கு, பட்டியிலேயே கொஞ்சம் காய்ந்த தீவனம் கொடுத்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள்.

பாபநாசம்: காப்பீட்டுக்கு இன்னும் நாள் இருக்கா?

சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15-தான் கெடு. நீட்டிப்பை நம்பி இருக்காதீர்கள். அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலர் தரும் பயிர்ப் பதிவு) சர்வே எண்ணும் பயிர்ப் பெயரும் சரியா என்று வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள்.