வாசகர் கேள்விகள்: உணவுச் சங்கிலியில் குறைவதும், சுழல்வதும், சேர்வதும்

கேள்வி: உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் 10 சதவீத ஆற்றல்தான் மேலே செல்கிறது என்று பள்ளியில் படித்தோம். ஆற்றலை அழிக்க முடியாது என்றும் அதே பாடநூலில்தான் படித்தோம். அப்படியானால் மீதி 90 சதவீதம் எங்கே போகிறது?

பதில்: இரண்டுமே சரிதான், ஆற்றல் அழிவதில்லை, பயன்படுத்த முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஒரு கம்பளிப்புழு இலையைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். தின்ற இலையில் 200 ஜூல் ஆற்றல் இருந்தால், அதில் ஏறத்தாழ 100 ஜூல் செரிக்காமலே எச்சமாக வெளியேறிவிடும். ஏனெனில் இலையின் செல்சுவரிலுள்ள செல்லுலோஸ் எளிதில் செரிக்கக்கூடிய பொருள் அன்று. ஊர்வதற்கும், செரிப்பதற்கும், உயிரோடு இருப்பதற்கும் சுவாசத்தின் வழியாகச் செலவாகி வெப்பமாக மாறுவது 67 ஜூல் அளவுக்கு இருக்கும். எஞ்சிய 33 ஜூல் மட்டுமே புழுவின் உடலாகச் சேர்கிறது. புழுவைக் கொத்தித் தின்னும் பறவைக்குக் கிடைக்கக்கூடியது அந்த 33 ஜூல்தான். அதிலும் எல்லாப் புழுக்களும் பறவையின் அலகில் அகப்படுவதில்லை. பறவையின் கணக்கு இன்னும் மோசம். உடல் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டிய பறவைகளும் பாலூட்டிகளும் தாம் செரித்த உணவின் ஆற்றலில் 1 முதல் 3 சதவீதத்தை மட்டுமே உடல் வளர்ச்சியாகவும் குஞ்சுகளாகவும் மாற்றுகின்றன. வெப்பமாக வெளியேறியதை எந்த உயிரும் மீண்டும் உணவாக்க முடியாது. அது காற்றிலும் நீரிலும் பரவி, கடைசியில் கதிர்வீச்சாக விண்வெளிக்குப் போய்ச் சேர்கிறது.

10 சதவீதம் என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவுச் சங்கிலியின் படிகளான உணவூட்ட மட்டங்களை ஆற்றல் கணக்கால் முதன்முதலில் முறையாக இணைத்துக் காட்டியவர் அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமன். மினசோட்டாவிலுள்ள சீடார் பாக் என்ற சிறிய ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1942இல் வெளிவந்தது. அது அச்சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், 26 வயதிலேயே, அவர் இறந்துபோனார். அந்த ஏரியில் தாவரங்கள் சூரிய ஒளியில் பிடித்துவைத்தது 0.1 சதவீதம், அதிலிருந்து தாவர உண்ணிகளை அடைந்தது 13.3 சதவீதம், அடுத்த மட்டத்தை அடைந்தது 22.3 சதவீதம். மேலே போகப்போகத் திறன் கூடுகிறது. ஆனால் 1957இல் மற்றொரு சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றுப் பகுதியில் எடுத்த கணக்கு நேர்மாறானது: ஒரு சதுர மீட்டரில் ஓராண்டில் தாவரங்கள் ஆக்கியது 20,810 கிலோ கலோரி, தாவர உண்ணிகளைச் சேர்ந்தது 3,368, ஊன் உண்ணிகளைச் சேர்ந்தது 383, உச்சியிலிருந்த ஊன் உண்ணிகளைச் சேர்ந்தது 21. அதாவது 16, 11, 5 என்று சதவீதம் இறங்கிக்கொண்டே போகிறது. ஆகவே பத்து என்பது தோராயமான சராசரி. அதற்கு ‘விதி’ என்ற பட்டம் கொஞ்சம் அதிகம் என்பதே என் கருத்து. மேலே போகும் ஆற்றல் ஒவ்வொரு படியிலும் குறையும் என்பது மட்டும் மாறாதது. உச்சியில் மிஞ்சும் அந்த 21 கிலோ கலோரியை நம்பி இன்னொரு மட்டம் பிழைப்பது கடினம். உணவுச் சங்கிலிகள் பெரும்பாலும் நான்கைந்து கண்ணிகளோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: கடலில் சில இடங்களில் உண்ணப்படும் உயிரிகளைவிட உண்ணும் உயிரிகளின் எடை அதிகம் என்கிறார்கள். அது எப்படிச் சாத்தியம்?

பதில்: சாத்தியம்தான். ஆங்கிலக் கால்வாயில் ஒரு சதுர மீட்டருக்குத் தாவர மிதவை உயிரிகள் 4 கிராமும், அவற்றைத் தின்னும் விலங்கு மிதவை உயிரிகள் 21 கிராமும் இருந்ததாக எடுக்கப்பட்ட அளவு இதற்குப் புகழ்பெற்ற சான்று. கல்லாப்பெட்டியில் ஒரு நொடியில் இருக்கும் பணத்தைப் பார்த்து ஆண்டு வியாபாரத்தை மதிப்பிட முடியாதல்லவா? தாவர மிதவை உயிரிகள் சில நாட்களுக்குள்ளேயே இரட்டிப்பாகின்றன; பெருகிய வேகத்திலேயே தின்னவும் படுகின்றன. எடையை அளந்து, உண்ணப்படுபவற்றைக் கீழேயும் உண்பவற்றை மேலேயும் அடுக்கிப் படம் வரைந்தால், அந்தக் கூம்பு தலைகீழாகத் தெரியும். ஓராண்டில் பாய்ந்த ஆற்றலை அளந்தால் அது நேராகவே நிற்கும்.

கேள்வி: ஆற்றல் திரும்பி வருவதில்லை, ஆனால் ஊட்டச்சத்துகள் சுழல்கின்றன என்கிறார்கள். இரண்டும் ஒரே உணவில்தானே இருக்கின்றன?

பதில்: ஒரே உணவில்தான் இருக்கின்றன, ஆனால் பிரியும்போது வேறு வேறு வழியில் போகின்றன. சர்க்கரை மூலக்கூறு உடைந்து வெளிப்படும் ஆற்றல் வெப்பமாகச் சிதறிவிடும். அந்த மூலக்கூறிலிருந்த கார்பன் அணுவோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றுக்குப் போய், மறுபடியும் ஏதோவொரு இலைக்குள் நுழையக் காத்திருக்கும். நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படித்தான். இந்தச் சுழற்சியில் பெரிய பங்கு புலிக்கும் மானுக்கும் உரியதன்று. காடுகளில் விளையும் இலைகளில் பெரும்பகுதி யாராலும் தின்னப்படாமலே உதிர்ந்து பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் போய்ச் சேர்கிறது. உணவுச் சங்கிலிப் படங்களில் இந்தச் சிதைப்பான்களை ஓர் ஓரத்தில் சிறிதாக வரைவது கணக்குக்குப் பொருந்தாத வழக்கம்.

இந்தச் சுழற்சியை அறுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் சோதித்தே பார்த்தார்கள். 1965ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை முழுவதும் வெட்டி, மீண்டும் எதுவும் முளைக்காதபடி களைக்கொல்லி தெளித்தார்கள். உதிர்ந்த இலைகள் தொடர்ந்து மட்கின. வெளிவந்த சத்தை உறிஞ்ச வேர்கள் இல்லை. ஓடைநீரில் நைட்ரேட்டின் செறிவு சுமார் 60 மடங்கு உயர்ந்தது. மண்ணில் சத்து தானாகத் தங்கியிருக்கவில்லை, உயிருள்ள காடுதான் அதைப் பிடித்துவைத்திருந்தது என்பது அப்போது அளவீடாகவே கிடைத்தது.

பாஸ்பரசின் நிலை இன்னும் இக்கட்டானது. நைட்ரஜனைப் போல அது காற்றில் வாயுவாக உலவுவதில்லை. ஆற்றோடு கடலுக்குப் போய்ப் படிந்துவிட்டால், அந்தப் படிவு பாறையாகி மேலெழுந்து வர நெடுங்காலம் ஆகும். அமேசான் காடு மழையில் இழக்கும் பாஸ்பரசை ஈடுசெய்ய அட்லாண்டிக்கைத் தாண்டி உதவி வருகிறது: சகாரா பாலைவனத்திலிருந்து, குறிப்பாகச் சாட் நாட்டின் போடெலே பள்ளத்திலிருந்து கிளம்பும் புழுதியோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் அங்கே வந்து விழுவதாகச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2015இல் மதிப்பிட்டார்கள்.

கேள்வி: ஆற்றல் மேலே போகப்போகக் குறைகிறது என்றால், நஞ்சு மட்டும் ஏன் மேலே போகப்போக அதிகரிக்கிறது?

பதில்: முதல் கேள்விக்கான விடையிலேயே இதற்கும் விடை இருக்கிறது. உண்ட உணவில் பெரும்பகுதியை உடல் எரித்துவிடுகிறது; எரிக்கவும் சிதைக்கவும் வெளியேற்றவும் முடியாத பொருள் மட்டும் கொழுப்பிலோ தசையிலோ தங்கிவிடுகிறது. கலிபோர்னியாவின் கிளியர் லேக் என்ற ஏரியில் சிறு பூச்சிகளை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டிடிடி (DDD) என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்தார்கள். நீரில் அதன் அளவு பத்து லட்சத்தில் 0.02 பங்கு அளவுக்கே இருந்தது. மீனுண்டு வாழும் முக்குளிப்பான் பறவைகள் அங்கே கூட்டமாக மடிந்தபோது, அவற்றின் கொழுப்பைச் சோதித்ததில் அது பத்து லட்சத்தில் 1,600 பங்காக இருந்தது. பாதரசத்தின் போக்கும் இதுதான்: சுறா, வாள்மீன் போன்ற பெரிய கொன்றுண்ணி மீன்களில் அது கூடுதலாகவும், சங்கிலியின் கீழ்ப்பகுதியிலுள்ள மத்தி போன்ற சிறு மீன்களில் குறைவாகவும் இருக்கிறது. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் அந்தப் பெரிய மீன்களைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மத்தி போன்ற சிறு மீன்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.