வணிக வழக்குகளில் நிலைக்க ஒரு ஜூனியர் வக்கீல் முதலில் எதைக் கற்க வேண்டும்?

பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டீர்கள். கம்பெனிகளின் பெரிய வணிகத் தகராறுகளை நடத்த ஆசை. வாதத் திறமையை எப்படி வளர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாதம் பிறகு. முதல் சில வருடம் தேதியும் ஆவணமும்தான் வேலை.

பிரதிவாதிக்காக ஆஜரானால் முதல் கேள்வி: சம்மன் எந்தத் தேதியில், யார் கையில் கிடைத்தது? 2015-ம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டப்படி எதிருரைக்கு (பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்கு) சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். நீதிமன்றம் நீட்டித்தாலும் மொத்தம் 120 நாள்தான். 121-ம் நாள் எந்தக் காரணமும் எடுபடாது. எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் இதை உறுதி செய்தது. கம்பெனி ரிசப்ஷனில் வாங்கி வைத்த சம்மன் சட்டப் பிரிவுக்குப் போய்ச் சேரும்போதே பாதி அவகாசம் கரைந்திருக்கும். அதனால் கவரையும் வரவுப் பதிவேட்டையும் கண்ணால் பாருங்கள்.

வாதிக்காக என்றால், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கில் அதே சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் சமரசத்துக்கு மனு போட வேண்டும். பாட்டில் ஆட்டோமேஷன் தீர்ப்புக்குப் (2022) பின் அதைத் தாண்டி வந்தால் பிராதே (வழக்கு மனுவே) நிராகரிக்கப்படும். பெயருக்கு ஒரு தடையாணை மனுவைச் சேர்த்துத் தப்பிப்பதும் ஆபத்து. அவசரம் உண்மையா என்று நீதிமன்றம் பார்க்கும்.

ஆவணங்களில்தான் அதிக வழக்குகள் சேதப்படுகின்றன. கட்சிக்காரர் தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வருவார். வழக்கு சம்பந்தமாகக் கைவசம் உள்ள எல்லாவற்றையும், பாதகமானதையும் சேர்த்து, பிராதோடு தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது, வணிக வழக்குகளுக்குப் பொருந்தும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-வது கட்டளை. விட்டுப்போனதைப் பிறகு கொண்டுவர நியாயமான காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். 'கவனிக்கவில்லை' என்பது போதாது. இமெயில், வாட்ஸ்அப் பிரிண்ட் அவுட்டுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-ன் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை போன்ற எண்) வர வேண்டும். அந்த போனை வைத்திருந்த மேலாளர் வேலையை விட்டுப் போவதற்குள் இதை முடியுங்கள். பிறகு போனும் கிடைக்காது, ஆளும் கிடைக்க மாட்டார்.

வழக்குக் கட்டு வந்த அன்றே ஒரு தேதிப் பட்டியல் போடுங்கள்: நாள், நடந்தது, ஆவணப் பக்கம், எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்கிறதா மறுக்கிறதா. பர்சேஸ் ஆர்டருக்கும் இன்வாய்ஸுக்கும் அளவு ஒத்துப்போகாத இடம் அதில்தான் கண்ணில் படும். குறுக்கு விசாரணைக் கேள்விகளும் அங்கிருந்தே கிடைக்கும்.

வாதத்துக்கு வருவோம். வணிக வழக்கில் வாய்மொழி வாதத்துக்கு முன்பே எழுத்து வாதம் தாக்கலாக வேண்டும். அதன் முதல் வரைவு பெரும்பாலும் ஜூனியர் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் போட்டுக் கொடுங்கள்.