செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை. மோட்டாரை மாற்றணுமா?

கேள்வி கேட்டவரின் பைக் பதினைந்து வருடப் பழையது. கிக்கரில் உடனே ஸ்டார்ட் ஆகிறதாம், செல்ஃப் போட்டால் விர்ரென்ற சத்தம் மட்டும்தானாம்.

மோட்டாரை மாற்றாதீர்கள். அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தால் ரிலே டக் டக்கென்று அடிக்கும், இப்படிச் சுற்றாது. மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பல்சக்கரம் எதுவும் உடையவில்லை என்றால், பெரும்பாலும் மேக்னட்டுக்குப் (கிராங்க் தண்டின் முனையில் காந்தங்களோடு சுற்றும் சக்கரம்) பின்னால் இருக்கிற ஒன்வே கிளட்ச்தான், அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச்தான், பிடிக்காமல் போயிருக்கும்.

நம் ஊர் 150 சிசி வண்டிகள் பலவற்றில் அதற்குள் மூன்று ரோலர், மூன்று ஸ்பிரிங். செல்ஃப் போட்டதும் ரோலர்கள் சரிவான குழியின் குறுகிய பக்கம் போய் இறுகி, கிராங்கைச் சேர்த்துச் சுற்றும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் தானாக விட்டுவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் என் வண்டி வேளச்சேரியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றது. ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தது. இரண்டு தடவை மாற்றினேன். நாலு மாதத்தில் உங்களுக்கு வந்த அதே பிரச்சினை. முதலில் போன கடையில் மோட்டாரை மாற்றினார்கள், காசு போனதுதான் மிச்சம். அப்புறம் வேறொரு மெக்கானிக் அண்ணன் என் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டினார். ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்திருந்தது. அதன் துண்டு மேக்னட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் வண்டியிலும் ஸ்பிரிங் உடைந்திருந்தால் துண்டு கிடைக்கும்வரை மூடவிடாதீர்கள்.

மேக்னட்டைக் கழற்ற அந்த மாடலுக்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியலால் தட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம், உள்ளே காந்தம் விரிசல் விட்டுவிடும்.

முக்கியமானது இதுதான்: ரோலர் உட்காரும் பல்சக்கரத்தின் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளமோ கோடோ தட்டுப்பட்டால் அதையும் மாற்றியே ஆகவேண்டும். புது ரோலர் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி வழுக்கும். ரோலரும் ஸ்பிரிங்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவே வாங்குங்கள். பல்சக்கரம் புதிதாகக் கிடைக்காவிட்டால் மட்டும் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் தேடலாம், அங்கேயும் நகத்தால் தடவிப் பார்த்துத்தான் வாங்கணும்.

பூட்டும்போது கிளட்ச் போல்ட்களுக்கு லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போடச் சொல்லுங்கள். இன்ஜினில் ஏற்றுவதற்கு முன் பல்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று சுற்றணும், மறுபக்கம் கப்பென்று பிடிக்கணும்.

பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். பலம் இல்லாத பேட்டரியில் செல்ஃப் போட்டால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் பின்னால் உதைக்கும், அந்த அடி முழுக்க இந்த ரோலர்கள் மேல்தான் விழும். பேட்டரி மாற்றும்வரை கிக்கரே போதும்.