புது கால்பந்து அணி தொடர்ந்து தோற்றால் கோச்சைத் திட்டுவது நியாயமா?

முழுக்க நியாயம் இல்லை. அமெரிக்காவின் எஃப்சி சின்சினாட்டியைப் பாருங்கள். 2018-ல் இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பிடித்த அணி, மறு வருடமே அந்த நாட்டின் முதல் நிலை லீக்கான எம்எல்எஸ்ஸுக்குள் வந்தது. முதல் மேட்ச்சிலேயே சியாட்டிலிடம் 4-1 என்று அடி. ஜெயித்தே பழகிய ரசிகர்களுக்கு இது தாங்கவில்லை. கோபமெல்லாம் கோச் ஆலன் காக் தலையில் விழுந்தது. 11 மேட்ச்சில் 2 வெற்றிதான். மே மாதமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

சரி, அதோடு தோல்வி நின்றதா? அந்த சீசனில் எதிரணிகளிடம் 75 கோல் விட்டார்கள். அதுவரை எம்எல்எஸ்ஸில் எந்த அணியும் ஒரே சீசனில் அவ்வளவு விட்டதில்லை. அப்புறம் ரான் யான்ஸ், யாப் ஸ்டாம் என்று கோச்கள் மாறினார்கள். 2019, 2020, 2021 மூன்று வருடமும் கடைசி இடம்.

கோளாறு அணியைக் கட்டிய விதத்தில் இருந்தது என்பது என் கருத்து. கீழ் லீக் வீரர்கள் பலரை அப்படியே மேலே கொண்டுவந்தார்கள். புதிதாக வந்தவர்களோடு அவர்கள் சேர்ந்து ஆடிப் பழக அவகாசமே இல்லை. ஓட்டை விழுந்த தடுப்பாட்டத்தை எந்தக் கோச்சும் சில வாரங்களில் அடைத்துவிட முடியாது.

2021 கடைசியில் பொது மேலாளராக கிறிஸ் ஆல்பிரைட்டும் கோச்சாக பாட் நூனனும் வந்தார்கள். ஆள் தேர்வும் பயிற்சியும் ஒரே திசையில் போனது. 2023-ல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்து அதற்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு விருதை வாங்கினார்கள். ஆகவே கேள்வி கேளுங்கள், ஆனால் வீரர்களை எடுத்த நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள்.