இரண்டரை வயதுக்கு காரில் பூஸ்டர் சீட் வேண்டாம்

பிள்ளைக்கு இரண்டரை வயது, 13 கிலோ, காரில் பின்னோக்கிய குழந்தை சீட்டில் (பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும் சீட்) உட்கார்ந்தால் கால் எதிரே முட்டுகிறது, அதனால் நேராக பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பூஸ்டரில் பிள்ளையைப் பிடித்துவைப்பது காரின் சாதாரண பெல்ட்தான், அது இந்த வயதில் வயிற்றின் மேல் ஏறிவிடும், தூங்கிச் சரிந்தால் தோளிலிருந்தும் நழுவும்.

கால் மடங்கியிருப்பது ஆபத்தே இல்லை, பிள்ளைகளுக்கு அப்படி உட்காருவது சௌகரியம்தான். பார்க்க வேண்டியது தலையை: தலை உச்சி சீட்டின் மேல்விளிம்பை எட்டினாலோ, லேபிளில் உள்ள எடையைத் தாண்டினாலோதான் அந்த சீட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். உங்களுடையது 13 கிலோ வரைக்குமான வகை என்றால் இப்போதே மாற்றுங்கள், ஆனால் பின்னோக்கியே வைக்கக்கூடிய, 18 கிலோவோ அதற்கு மேலோ தாங்கும் சீட்டாக. ஸ்வீடனில் 4 வயது வரைகூட இப்படித்தான் உட்காரவைக்கிறார்கள். முன்பக்கம் மோதினால் அந்த வேகத்தை கழுத்து மட்டும் வாங்காமல் முதுகு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும், இந்த வயதில் கழுத்து இன்னும் பலப்படவில்லை.

முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது.

அப்புறம், வாங்குவதற்கு முன் உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள். விலை அதிகம் என்பதாலேயே எல்லாக் காருக்கும் சரியாக உட்கார்ந்துவிடாது. சீட்டின் ஐந்துமுனை வார் (இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட்) தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும், தோளருகே வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது.